பால் சேர்க்காத பிறந்தநாள் சாப்பாடு

ரத்தினம்மாளுக்குப் பிறந்தநாள் என்று ஒன்று வந்தது ஐம்பது வயதுக்கு மேல்தான். பெங்களூர் தொம்மலூரில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் தரை துடைக்கும் வேலைக்கு ஆள் எடுத்தபோது, ஏஜென்சிக்காரன் பாரத்தில் ஒரு கட்டத்தைக் காட்டிப் பிறந்த தேதி கேட்டான். "மழைக்காலம்னு எங்கம்மா சொல்லும்" என்றாள். அவன் பேனாவை உதறிவிட்டு ஜூன் ஒன்று, 1950 என்று எழுதினான். அதே தேதி அட்டையில் அச்சாகி, நீலக் கயிற்றில் அவள் கழுத்தில் தொங்கியது. அவள் அதைப் படித்துப் பார்த்ததுகூட இல்லை.

படித்தவள் மருமகள் வித்யாலட்சுமி. 2004 மே மாதக் கடைசியில் ஒரு நாள், துவைக்கப் போட்ட யூனிபார்மிலிருந்து அட்டையைக் கழற்றியபோது பார்த்தாள்.

"அத்தை, செவ்வாய்க்கிழமை உங்க பொறந்தநாளா?"

"அவன் எழுதினது அது. எனக்கு இன்னா தெரியும்."

"யார் எழுதினா என்ன. வெளிய போய் சாப்பிடலாம். நான், நீங்க, அவரு."

மருமகள் இப்படிப் பேசுவதே புதுசு. கல்யாணமாகி சேலத்திலிருந்து இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. இத்தனை நாளும் இரண்டு பேருக்கும் நடுவில் சண்டை என்று ஒன்றும் இல்லை. பேச்சும் இல்லை. காரணம் பால்.

ரத்தினம்மாள் பால் குடிக்க மாட்டாள். தயிர், மோர், நெய், வெண்ணெய் எதுவும் தொடமாட்டாள். கறி, முட்டையும் விட்டுவிட்டாள். வந்த புதிதில் வித்யா நெய் விட்டுப் பொங்கல் செய்து வைத்தாள். மாமியார் தட்டைத் தள்ளிவிட்டு ஊறுகாயோடு பழைய சோறு தின்றாள். அந்த வருஷம் ஏப்ரலில் வித்யாவின் அம்மா ஊரிலிருந்து செய்து எடுத்துவந்த பால் இனிப்பை ரத்தினம்மாள் வாயில் வைக்கவில்லை என்று அந்தம்மா முகம் சுருங்கிப் போனது. "எங்க கை பட்டது ஆகாதோ?" என்று மகளிடம் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினாள். மாமியாருக்குக் கர்வம் என்று வித்யா முடிவு கட்டியிருந்தாள். ரத்தினம்மாளும் ஏன் என்று சொல்லவில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

மகன் ரகுவுக்குத் தெரியும். அது நடந்தபோது அவன் காலேஜில் பியூசி படித்துக்கொண்டிருந்தான்.

அப்போது இதே தொம்மலூரில், கோயிலுக்குப் பின்னால், அவர்களுக்கு மூன்று மாடுகள். அன்றைக்கு உயிரோடிருந்த கணவர் இராஜமாணிக்கம் புல்லும் தவிடும் பார்த்துக்கொள்வார். கறப்பதும் வீடு வீடாக ஊற்றுவதும் ரத்தினம்மாள். தொண்ணூற்று ஐந்தில் சிவப்பு மாடு கெம்பி ஒரு காளைக்கன்று போட்டது. பெண் கன்றென்றால் வளர்ப்பார்கள். காளைக்கன்று குடிக்கிற ஒவ்வொரு வாயும் வாடிக்கைக்காரர்களுக்குக் குறையும் பால். மடி சுரக்கிறவரை நாலு வாய் ஊட்டவிட்டு, கன்றை இழுத்துத் தூணில் கட்டிவிட்டுக் கறப்பாள். மூன்று வாரத்தில் அது நிற்கமுடியாமல் போனது. ஐந்தாவது வாரம் செத்துப்போனது.

கன்று இல்லாமல் கெம்பி பால் இறக்கவில்லை. மடி கல்லாகிக் கிடந்தது. இராஜமாணிக்கம் ஆளைக் கூப்பிட்டு, செத்த கன்றின் தோலை உரித்து வைக்கோல் திணித்துத் தைத்து, நாலு குச்சிக் காலோடு ஒரு கன்றைக் கொண்டுவந்து மாட்டின் முன்னால் நிறுத்தினார். தோலில் உப்புத் தண்ணீர் தடவியிருந்தது. கெம்பி முகர்ந்தது. பிறகு நக்க ஆரம்பித்தது. காதை நக்கியது, கழுத்தை நக்கியது, நக்கிக்கொண்டே பால் இறக்கியது. ரத்தினம்மாள் செம்பை முழங்காலில் இடுக்கிக்கொண்டு கறந்தாள். செம்பு நிறைந்தது. அன்று அடுப்பில் காப்பி போட்டு வாயருகே கொண்டுபோனவள் அப்படியே கீழே வைத்துவிட்டாள். அதன்பின் பால் அவளுக்கு இறங்கவில்லை.

வித்யாவின் அம்மா பஸ் ஏறிய அன்றைக்கு ரகு இதை மனைவியிடம் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. மறுநாள் காலை ரத்தினம்மாள் எழுந்தபோது அடுப்பு மேடையில் வெல்லம் போட்ட கறுப்புக் காப்பி மூடி வைத்திருந்தது. வித்யா ஆபீஸ் பஸ்ஸுக்கு ஓடிவிட்டிருந்தாள்.

அடுத்த வாரம் வந்து சொன்னாள்: "அத்தை, எங்க ஆபீஸுக்கு லண்டன்லருந்து டிரெய்னிங் குடுக்க ஒரு லேடி வந்திருக்காங்க. உங்கள மாதிரியே. பால் இல்ல, நெய் இல்ல, ஒண்ணும் இல்ல. அதுக்கு வீகன்னு பேராம். கேன்டீன்ல அவங்களுக்குத் தனியா லிஸ்ட் ஒட்டியிருக்காங்க."

"லிஸ்ட்டு ஒட்றாங்களா?" என்றாள் ரத்தினம்மாள். இதற்கு ஒரு பெயரும் ஒரு காகிதமும் உண்டு என்பது அவளுக்கு விசித்திரமாக இருந்தது.

*

ஜூன் ஒன்றாம் தேதி விடிந்ததே சரியில்லை. இரண்டாவது மாடியில் வேலை செய்கிற பெண் வரவில்லை. ரத்தினம்மாள் இரண்டு மாடியையும் பார்க்க வேண்டியதாயிற்று. பத்து மணிக்கு மழை பிடித்தது. பாதி கட்டி நிற்கிற மேம்பாலத்துச் சேற்றையெல்லாம் ஷூவில் சுமந்துகொண்டு ஆட்கள் உள்ளே வந்தார்கள். அவள் துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடி தடம். மூன்று மணிக்கு முழங்கால் இரண்டும் வீங்கி, புடவைக்குள் சூடாகத் தெரிந்தன. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. சாப்பாட்டை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்ல நினைத்துக்கொண்டேதான் போனாள்.

வித்யா ஆறரைக்கு வந்தாள். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து இரண்டு மணிநேரம் பஸ்ஸில் நின்று வந்த முகம். பையை இறக்கியவள் செல்போனை எடுத்துக் காதில் வைத்தாள். ரகு பேசினான். அவன் ஒரு கம்பெனிக்குக் கார் ஓட்டுகிறவன். ஏர்போர்ட்டில் வரவேண்டியவருக்கு விமானம் தாமதம், நீங்கள் இரண்டு பேரும் போங்கள் என்றான்.

வித்யா போனை மூடிவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள். இப்போது சொன்னால் அவளே சரி என்பாள் என்று ரத்தினம்மாளுக்குத் தெரிந்தது. ஆனால் மருமகளின் கைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா அது?"

"ஓட்டல்ல குடுக்கறதுக்கு, அத்தை. கன்னடத்துல எழுதி வாங்கினேன், என் பக்கத்து சீட்டு உஷாகிட்ட. ஹாலு பேடா, மொசரு பேடா, பெண்ணெ பேடா, துப்பா பேடா. பால், தயிர், வெண்ணெய், நெய், எது எது வேண்டாமோ எல்லாம் இருக்கு. நேத்து சாயங்காலமே போய் மேனேஜர்கிட்டயும் சொல்லிட்டு வந்தேன்."

நேற்று ஒரு மணிநேரம் தாமதமாக வந்தது அதற்குத்தானா என்று ரத்தினம்மாள் நினைத்தாள். எழுந்து முகம் கழுவி, பெட்டியிலிருந்து அரக்குச் சேலையை எடுத்தாள்.

ஓட்டல் மெயின் ரோட்டில் முதல் மாடியில் இருந்தது. வடநாட்டுச் சாப்பாடு. அதன் வாசலைத் தாண்டித் தினமும் வேலைக்குப் போவாள், ஏறியதில்லை. படிக்கட்டின் நடுத்திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வித்யாவும் நின்றாள். இரண்டு பேரும் மூச்சு வாங்கினார்கள்.

உள்ளே ஏசி. ஈரப் புடவைக் கரை காலில் சில்லென்று ஒட்டியது. மூலை மேஜையில் உட்கார்ந்தார்கள். சர்வர் வந்தார். ஐம்பதை நெருங்குகிற ஆள், சட்டையில் டொமினிக் என்று பெயர் குத்தியிருந்தது. இவர்கள் பேசுவதைக் கேட்டுத் தமிழிலேயே ஆரம்பித்தார். "ஆஸ்டின் டவுன்மா நமக்கு. சொல்லுங்க."

வித்யா மேனேஜரைக் கேட்டாள். மேனேஜருக்கு இன்றைக்கு லீவு. யாரிடமும் எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அத்தைக்குப் பிறந்தநாள் என்று சொல்லி வித்யா காகிதத்தை நீட்டினாள். டொமினிக் அதைத் தள்ளிப்பிடித்துப் படித்தார்.

"பனீரும் வேணாம், கிரீமும் வேணாம், நெய்யும் வேணாம்னா எங்ககிட்ட மெனுவே இல்லையேம்மா. சரி, தால் சொல்லட்டுமா? ரொட்டி?"

"வெண்ணெய் போடாம."

"போடாம."

தால் வந்தது. நடுவில் சதுரமாக ஒரு வெண்ணெய்க் கட்டி உருகிக்கொண்டிருந்தது. டொமினிக் பார்த்தவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டு எடுத்துப்போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பக் கொண்டுவந்தார். கட்டி இல்லை. ஆனால் கிண்ணத்தின் விளிம்போரம் மஞ்சளாக மினுங்கிற்று. ரத்தினம்மாளுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. பேசாமல் ரொட்டியைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். வித்யா குனிந்து பார்த்தாள்.

"இது அதே தால்தானே? கட்டிய எடுத்துட்டு அதையே கொண்டாந்திருக்கீங்க."

"மேடம், மேலாப்புல கொஞ்சம்..."

"மூணு தடவ சொன்னேன். எழுதியே குடுத்தேன். ரொட்டிலயும் பால் ஊத்திப் பிசைஞ்சிருக்கா? அதாவது தெரியுமா உங்களுக்கு?"

அவள் குரல் உயர்ந்தது. பக்கத்து மேஜைகளில் தலைகள் திரும்பின. ரத்தினம்மாளுக்கு உடம்பு கூசியது.

"வுடும்மா. எனக்கு சோறு வந்தா போதும், ஊறுகா தொட்டுத் தின்னுக்கிறேன். தினம் அதானே."

"தினம் அதான்னுதான் அத்தை இங்க வந்தோம்!" என்றாள் வித்யா. கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. "காலைல அஞ்சு மணிக்கு எழுந்தது. ஒரு வேலையாவது முழுசா நடக்கக்கூடாதா."

டொமினிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உடம்பின் பாரத்தை இடதுகாலுக்கு மாற்றினார், மறுபடி வலதுகாலுக்கு. ரத்தினம்மாள் அந்தக் கால்களைப் பார்த்தாள். கறுப்பு ஷூவுக்குமேல் சாக்ஸ் புடைத்துக்கொண்டிருந்தது. மத்தியானம் லிப்ட்டுக்குப் பக்கத்தில் அவளும் இப்படித்தான் மாற்றி மாற்றி நின்றாள்.

"எத்தினி மணிலருந்து நிக்கிற, தம்பி?"

"பதினோரு மணிலருந்தும்மா. ரெண்டு ஆளு வர்ல." பிறகு வித்யாவைப் பார்த்து, "தப்பு என்னுதுதான் மேடம். உள்ள வேற தால் வைக்கச் சொன்னா மாஸ்டர் திட்டுவாரு. அதான்" என்றார்.

"மாஸ்டரை நானே பாக்கறேன்" என்று ரத்தினம்மாள் எழுந்தாள். முழங்கால் முதலில் நீளவில்லை. மேஜையைப் பிடித்து நிமிர்ந்து, அவர் பின்னாலேயே நடந்தாள்.

சமையலறைக் கதவைத் தள்ளியதும் அனல் முகத்தில் அடித்தது. தந்தூரி அடுப்புக்குப் பக்கத்தில் தலையில் துண்டு கட்டிய ஆள் நின்றார். முனிராஜ் மாஸ்டர், ஹெப்பகோடிக் கிராமத்துக்காரர் என்று சொல்லிவிட்டு, அம்மாவுக்குப் பாலும் நெய்யும் ஆகாது என்று டொமினிக் அவரிடம் சொன்னார்.

"என்னம்மா, டாக்டரு வேணாம்னுட்டாரா? சுகரா?"

"டாக்டரு ஒண்ணும் சொல்லலப்பா. நான் மாடு வச்சிருந்தவ. கன்னு செத்துப்போச்சி. வைக்கோலு கன்னு வச்சிக் கறந்தேன். அதுலருந்து எறங்கல."

ஒன்பது வருஷத்தில் முதல்தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னாள். அதுவும் முன்பின் தெரியாத ஆளிடம், நாலு வார்த்தையில்.

முனிராஜ் கரண்டியைக் கீழே வைத்தார். துண்டை அவிழ்த்து முகம் துடைத்தார். "எங்க வீட்டுலயும் வைக்கோல் கன்னு வச்சிருக்காங்கம்மா" என்றார். "அது நக்கும். பாத்திருக்கேன்." "போயி உக்காருங்க. தனிச் சட்டி வைக்கணும், தனி மாவு பிசையணும். அரைமணி ஆவும். ஆவட்டா?"

"ஆவட்டும்ப்பா. ஓடிக்கினே இருக்கறதுக்கு உக்காந்திருந்தா நல்லதுதான்."

மேஜைக்குத் திரும்பியபோது வித்யா தூங்கிக்கொண்டிருந்தாள். தலை சுவரில் சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை மடித்த காகிதத்தின் மேல் கிடந்தது. ரத்தினம்மாள் எதிரில் உட்கார்ந்து பார்த்தாள். ஒரே வீட்டில் இருந்தும் இந்த முகத்தை இப்படி நின்று நிதானித்துப் பார்த்ததில்லை. கண்ணுக்குக் கீழே கறுப்பு. காதோரத்தில் இருபத்தாறு வயசுக்கு வரக்கூடாத இரண்டு நரைமுடி. டொமினிக் வந்தார், பார்த்தார், டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போனார்.

அரைமணிநேரம் அவள் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். கை எதையாவது துடைக்கத் தேடியது. பிறகு மடியில் கிடந்தது.

சாப்பாட்டு வாசனைக்கு வித்யா தானாக விழித்தாள். டொமினிக் ஒவ்வொன்றாக இறக்கினார். கடலை எண்ணெயில் பூண்டும் காய்ந்த மிளகாயும் தாளித்த பருப்பு. வெந்தயக்கீரை போட்டு வதக்கிய உருளைக்கிழங்கு. நெருப்பில் சுட்டு மசித்த கத்திரிக்காய். சீரகம் பொரித்த சோறு. வெறும் கோதுமை மாவும் உப்பும் தண்ணீரும் சேர்த்துச் சுட்ட ரொட்டி, அங்கங்கே கரிந்து உப்பி.

"மாஸ்டரு புதுச் சட்டிலயே செஞ்சாரு மேடம். நான் நின்னு பாத்தேன்" என்றார் வித்யாவிடம்.

ரத்தினம்மாள் ரொட்டியைப் பிய்த்துக் கத்திரிக்காயில் தோய்த்து வாயில் வைத்தாள். புகைவாசனை முதலில் வந்தது, அப்புறம் பச்சைமிளகாய், அப்புறம் தக்காளியின் புளிப்பு. அவளுக்குச் சாப்பாடு என்பது வயிற்றை அடைக்கிற வேலையாகிப் பல வருஷமாயிற்று. எல்லோரும் தின்று முடித்த பின், எது பாலும் நெய்யும் படாமல் மிஞ்சியதோ அது. இது அவளுக்கென்றே வைத்த சட்டியில் வெந்தது. இரண்டாவது ரொட்டி தீர்ந்ததும், "இன்னொண்ணு கிடைக்குமா?" என்று அவளே கேட்டாள். கேட்டபின் வெட்கமாக இருந்தது.

வித்யா சிரித்தாள். "பத்து கேளுங்க."

"நீ தின்னு மொதல்ல. எப்படி இருக்குது?"

"நல்லா இருக்கு." கொஞ்சம் யோசித்து, "வெண்ணெய் இருந்தா இன்னும் நல்லா இருக்கும், அத்தை" என்றாள்.

ரத்தினம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பருப்பு புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தாள். டொமினிக்கைக் கூப்பிட்டு, "இந்தப் பொண்ணுக்கு ஒரு டீ கொண்டா தம்பி. பால் ஊத்தி, நல்லா திக்கா" என்றாள்.

"வேணாம் அத்தை, இன்னிக்கு..."

"இருக்கட்டும். நான் யாரையும் குடிக்காதேன்னு சொன்னவ இல்ல."

டீ வந்தது. ரத்தினம்மாளே கோப்பையை நகர்த்தி மருமகள் பக்கம் வைத்தாள். வித்யா அதைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"ஏன் அத்தை என்கிட்ட சொல்லவே இல்ல? மூணு வருஷம் நான் உங்கள வேற மாதிரி நினைச்சிட்டு இருந்தேன்."

ரத்தினம்மாள் தட்டில் விரலால் கோடு இழுத்தாள்.

"இன்னான்னு சொல்றது. கன்னுக்குட்டிய இழுத்துக் கட்டினது இந்தக் கைதான். அது செத்த பின்னாலயும் ரெண்டு வருஷம் அதே கைதான் கறந்திச்சி. அந்தப் பால வித்துத்தான் ரகுவப் படிக்க வச்சேன். அந்த எடத்துல கட்டடம் வருதுன்னு எடுத்துக்கினதாலதான் மாடுங்கள வித்தேன், இல்லன்னா இன்னும் கறந்துகினுதான் இருந்திருப்பேன். இதுல நான் பெரிய மனுஷியாட்டம் கதை சொல்றதுக்கு இன்னா இருக்குது? தொண்டைல எறங்கல. அவ்ளோதான்."

வித்யா டீயை மெதுவாகக் குடித்து முடித்தாள். பிறகு கிண்ணத்தில் மிச்சமிருந்த கத்திரிக்காயை மாமியாரின் தட்டில் வழித்துப் போட்டாள்.

கடைசியில் முனிராஜ் தானே ஒரு கிண்ணத்தோடு வெளியே வந்தார். தேங்காய்ப்பாலில் வெல்லம் கரைத்து, வாழைப்பழம் நறுக்கிப் போட்டுச் சூடாக இருந்தது. "இது மெனுல இல்ல. நம்ம ஊட்டுப் பண்டம். பிறந்தநாளாமே" என்றார். சங்கடப்பட்டவர்போல நின்றுவிட்டு உடனே உள்ளே போய்விட்டார். ரத்தினம்மாள் ஒரு ஸ்பூன் எடுத்தாள். வித்யா இன்னொரு ஸ்பூனை எடுத்துக்கொண்டாள். ஒரே கிண்ணத்தில் இரண்டு பேரும் தின்றார்கள்.

*

எட்டரைக்குக் கீழே இறங்கினார்கள். தூறல் விட்டிருந்தது. குறைந்த தூரம் என்று ஆட்டோக்காரர்கள் யாரும் வரவில்லை. நடந்தார்கள். மேம்பாலத் தூணுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த கல்லில் ஒருதடவை உட்கார்ந்தார்கள். லாரிகள் சேற்றை வாரிக்கொண்டு போயின.

"கால் ரொம்ப வலிக்குதா?"

"வலிக்காத நாளு எது. உனக்கு?"

"இடுப்பு."

"இரு. கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போவலாம்."

வீட்டைத் திறந்தபோது உள்ளே குழாயில் சத்தம். காவேரித் தண்ணீர் நாளைக்கு வரவேண்டியது, இன்றைக்கே வந்துவிட்டிருந்தது. விட்டால் இன்னும் இரண்டு நாளைக்கு இல்லை. வித்யா "அய்யோ" என்று கதவிலேயே சாய்ந்தாள். பிறகு நல்ல புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குடங்களை எடுத்தாள். ரத்தினம்மாளால் குனிய முடியவில்லை. முக்காலியைக் குழாயடியில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு குடமாகப் பிடித்துக்கொடுத்தாள். தண்ணீர் நூலாகத்தான் வந்தது. ஒரு குடம் நிறைகிறவரை வித்யா வாசற்படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். நிறைந்ததும் ரத்தினம்மாள் "கண்ணு" என்று கூப்பிடுவாள். வித்யா எழுந்து வந்து எடுத்துப்போய்ப் பீப்பாயில் ஊற்றுவாள்.

பீப்பாய் பாதிதான் நிறைந்திருந்தது. இன்னும் பத்துக் குடமாவது பிடிக்க வேண்டும்.